கதையை எழுதி முடிப்பது எப்படி? புதிதாகப் புனைவு எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என்னிடம் ஒரு பழைய குறிப்பேடு இருக்கிறது. அதில் பதினேழு கதைகளின் தொடக்கங்கள் உள்ளன. ஒன்றுக்குக்கூட முடிவு இல்லை. தொடக்கங்கள் எல்லாம் ஓரளவு நன்றாகவே வந்திருக்கின்றன என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. ஒரு கதையில் மழை கொட்டும் இரவில் ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவன் யார் என்று தெரிவதற்குள் நான் வேறு கதைக்குத் தாவிவிட்டேன். பாவம், பல ஆண்டுகள் அவன் அங்கேயே நனைந்துகொண்டு நின்றான்.

'எழுதும் மனநிலை வாய்க்கவில்லை' என்பதே அப்போது நான் சொல்லிக்கொண்ட காரணம். இப்போது அதை நான் நம்புவதில்லை. எழுத உட்கார்ந்தவருக்கு ஊக்கம் வற்றுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது தெரிந்த நாளில் களைப்போடு உட்கார்ந்தாலும் கை ஓடுகிறது. தெரியாத நாளில் முழு விடுமுறை கிடைத்தாலும் மேசையைத் துடைத்துக்கொண்டும் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டும் பொழுது போய்விடுகிறது. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை, நாளை நீங்கள் உட்காரும்போது முதல் வரி காத்திருக்கும்படி இன்றே செய்துவைக்கும் ஏற்பாடுகள்.

முதல் படி: எங்கே இடறுகிறது என்று பாருங்கள்

ஒரு வாரம் எழுதவில்லை என்றால் உடனே 'நான் சோம்பேறி' என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பால் எந்தப் பயனும் இல்லை. எழுத்து நிற்பதற்கு நான்கு காரணங்களை நான் பார்த்திருக்கிறேன். நான்குக்கும் மருந்து வேறு வேறு.

உண்மையிலேயே நேரம் இல்லாமல் இருக்கலாம். கடந்த ஏழு நாள்களில் யாரும் குறுக்கிடாத இருபது நிமிடங்கள் எப்போதெல்லாம் கிடைத்தன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் உங்கள் சிக்கல் நேரம்தான். இரண்டாம் படிக்குப் போங்கள். நான்கைந்து தேறினால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

அது பயமாக இருக்கலாம். எழுதிய முதல் பத்தியையே மூன்று நாள்களாக மெருகேற்றிக்கொண்டிருப்பது இதன் அடையாளம். பயந்தவர் சும்மா இருப்பதில்லை, மும்முரமாக இருப்பார். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஐந்தாம் படி இவருக்கானது.

மூன்றாவது, கதையே இன்னும் பிடிபடவில்லை. சோதிப்பது எளிது. அடுத்து எழுதவிருக்கும் காட்சியை இரண்டே வாக்கியத்தில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'அப்புறம் அவள் வந்து… ஏதோ நடக்கிறது' என்று நாக்கு குழறினால், எழுத உட்காருவதற்கு முன் யோசிக்க உட்கார வேண்டும். நடந்துகொண்டே யோசிப்பதும் எழுத்து வேலைதான், குற்றவுணர்வு தேவையில்லை.

கடைசிக் காரணம் கசப்பானது. அந்தக் கதை உங்களுக்குள்ளேயே தீர்ந்துபோயிருக்கலாம். இது எனக்கு அடிக்கடி நேர்ந்ததற்கு என் வாய்தான் காரணம். கதை தோன்றியதும் நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவேன். அவர்கள் 'அருமை' என்பார்கள். எழுதி முடித்தபின் கிடைக்க வேண்டிய மகிழ்ச்சி முன்கூட்டியே கிடைத்துவிடும். பிறகு எதற்காக இருநூறு பக்கம் எழுதுவது? முதல் வரைவு முடியும்வரை கதையை யாரிடமும் முழுதாகச் சொல்லாதீர்கள். எதைப் பற்றி என்று கேட்டால் 'ஒரு குடும்பத்தைப் பற்றி' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நேரத்தை ஒரு செயலோடு முடிச்சிடுங்கள்

'தினமும் எழுதுவேன்' என்பது விருப்பம். 'காலையில் பல் துலக்கியதும், அலைபேசியைத் தொடுவதற்கு முன், இந்த நாற்காலியில் இருபது நிமிடம் எழுதுவேன்' என்பதுதான் திட்டம். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்பே முடிவுசெய்துகொள்பவர்கள் எண்ணியதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். முடிவெடுக்கும் சுமை அந்தக் கணத்தில் இல்லாமல் போவதுதான் இதன் சூட்சுமம். பல் துலக்கியபின் 'இன்று எழுதலாமா?' என்ற விவாதமே எழக்கூடாது. விவாதம் எழுந்தால் நாம் தோற்போம்.

நேரம் சிறியதாகவே இருக்கட்டும். டோனி மாரிசன் பதிப்பகம் ஒன்றில் ஆசிரியர் பணியில் இருந்துகொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியலுக்கு முன் எழுந்து எழுதினார். அவருடைய முதல் நாவல் வெளிவந்தது 1970இல். அப்போது அவருக்கு வயது 39. 1993இல் நோபல் பரிசு. இதை நான் ஊக்கமூட்டும் கதையாகச் சொல்லவில்லை. கிடைத்த இடுக்கில் எழுதுவது இரண்டாந்தர வழி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

விடியற்காலை எல்லாருக்கும் ஒத்துவராது. இரவுப் பணி பார்ப்பவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் 'நாலு மணிக்கு எழுந்திருங்கள்' என்று அறிவுரை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் நாளில் எந்த இருபது நிமிடம் மிகக் குறைவாகக் களவுபோகிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அளவைக் குறைத்து வையுங்கள், கணக்கை எழுதி வையுங்கள்

கணக்கு வைப்பதில் ஆன்டனி டிரோலப்பை மிஞ்ச ஆளில்லை. அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் இவர். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு போட்டு, அன்றன்று முடித்த பக்கங்களைக் குறித்தார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம். சில சமயம் 20 ஆகக் குறைந்தது, ஒரு சமயம் 112 வரை ஏறியது. அவர் காலமான மறு ஆண்டு, 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். கலைஞன் செருப்புத் தைப்பவனைப் போல வேலை செய்வதா என்று பலர் முகம் சுளித்தார்கள். எழுதி முடித்த நாவல்கள் 47.

அவருடைய எண்ணிக்கையைப் பின்பற்றச் சொல்லவில்லை, நாட்குறிப்பைப் பின்பற்றலாம். ஒரு தாளில் தேதி, எழுதிய அளவு, இரண்டு சொல்லில் ஒரு குறிப்பு. அவ்வளவு போதும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், 'நான் எதுவுமே எழுதவில்லை' என்று புலம்பிக்கொண்டிருந்த மாதத்தில் பதினொரு பக்கம் எழுதியிருப்பது தெரியவரும். நம் நினைவு நம்மைப் பற்றி அவ்வளவு நேர்மையாகச் சாட்சி சொல்வதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. நவம்பர் மாதத்தின் 30 நாள்களில் 50,000 சொற்கள் எழுதும் அறைகூவல் 1999இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. நாளொன்றுக்குச் சுமார் 1,667 சொற்கள். அந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, எட்ட முடியாமல் சோர்ந்துபோனவர்கள் உண்டு. அது ஆங்கிலச் சொற்களின் கணக்கு. 'வராமலிருந்திருந்தால்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் வேண்டும். ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்து எழுதும் மொழி நம்முடையது. போதாததற்கு, 'எழுதிக் கொண்டிருந்தான்' என்று பிரித்து எழுதினால் இரண்டு சொல், சேர்த்து எழுதினால் ஒன்று. ஆகவே சொல் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பத்தியையோ பக்கத்தையோ அளவாகக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் நாளுக்கு அரைப் பக்கம் போதும். உடம்பு சரியில்லாத நாளிலும் எட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும். மீதி எழுதுவதெல்லாம் உபரி.

நான்காம் படி: வாக்கியத்தின் பாதியில் எழுந்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? காட்சி முடியும்வரை, சரக்கு தீரும்வரை எழுதுகிறோம். நிறைவோடு எழுகிறோம். மறுநாள் வெற்றுத் தாளின் முன் வந்து உட்காருகிறோம். நேற்றைய நிறைவுக்கு இன்று கொடுக்கும் விலை அது. கிணற்றை ஒட்ட இறைத்துவிட்டு மறுநாள் வந்து தண்ணீர் இல்லையே என்று எட்டிப் பார்ப்பதைப் போன்றது.

அதற்குப் பதிலாக, அடுத்து என்ன வரும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். உரையாடலின் நடுவே நிறுத்தினால் இன்னும் நல்லது. 'அவள் கடிதத்தைப் பிரித்தாள். அதில்' என்று விட்டுவிட்டு எழுந்து போங்கள். உறுத்தும், உறுத்தட்டும். பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தக் கடிதம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக அதைத்தான் எழுதும். முதல் வாக்கியம் வந்துவிட்டால் மூன்றாவது வாக்கியத்தை நீங்கள் தேட வேண்டியிருக்காது.

எழுவதற்கு முன் பக்கத்தின் கீழே இரண்டு வரிக் குறிப்பும் எழுதி வைப்பேன். என்னுடையவை இப்படி இருக்கும்: 'கடிதம் அண்ணனுடையது. அவள் அழக்கூடாது, சிரிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுகிறாள்.' இவற்றில் பாதியை மறுநாள் நான் கடைப்பிடிப்பதில்லை. ஆனாலும் மறுப்பதற்கு ஏதோ ஒன்று முன்னால் இருப்பதே பெரிய உதவி.

ஐந்தாம் படி: முதல் வரைவில் ஒற்றுப்பிழை பார்க்காதீர்கள்

எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகன் ஓடுகிறான், பின்னால் ஆள்கள் துரத்துகிறார்கள். 'அங்கே போனான்' என்று எழுதும்போது 'ப்' போட வேண்டுமா என்று ஐயம் வருகிறது. அகராதியைத் திறக்கிறீர்கள், இணையத்தில் தேடுகிறீர்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று ஒரு பட்டியலைப் படிக்கிறீர்கள். இருபது நிமிடம் முடிந்துவிட்டது. நாயகன் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறான்.

எழுதுபவரும் திருத்துபவரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. முதலாமவர் உளறிக்கொட்டும் சுதந்திரம் உள்ளவர், இரண்டாமவர் சிடுமூஞ்சி. சிடுமூஞ்சியை வெளியே உட்கார வைக்கச் சில நடைமுறை வழிகள் உண்டு. தெரியாத தகவல் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள்: 'அவர் *ஆம் ஆண்டு அந்த வேலையில் சேர்ந்தார்.' பாத்திரத்துக்குப் பெயர் அமையவில்லையா? 'மாமா' என்றே எழுதிக்கொண்டு போங்கள். கணினியில் எழுதுபவர்கள் பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் வசதியை அணைத்துவிடலாம். தமிழ்த் தட்டச்சு கைக்குப் பழகாதவர்கள் முதல் வரைவைக் கையால் எழுதுவதே நல்லது. விசையைத் தேடும் நேரத்தில் வாக்கியம் பறந்துவிடும். குரல்வழித் தட்டச்சும் இன்று ஓரளவு கைகொடுக்கிறது, குறிப்பாக உரையாடல்களுக்கு. வாயால் சொல்லும்போது பேச்சு பேச்சாகவே வந்துவிழுகிறது.

முதல் வரைவு மோசமாகத்தான் இருக்கும். உங்கள் ரசனை உங்கள் திறமைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் நல்ல எழுத்தைப் படித்தவர் சில மாதங்களே எழுதிப் பழகியிருந்தால் வேறு எப்படி இருக்கும்?

ஆறாம் படி: நடுப்பகுதியைத் தாண்டுவது

தொடக்கம் உற்சாகத்தால் எழுதப்படுகிறது. முடிவு, கரை தெரிவதால் எழுதப்படுகிறது. நாவல்கள் மூழ்குவது நடுவில். என் கணிப்பில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் அந்த இடம் வரும். பாத்திரங்கள் அறிமுகமாகிவிட்டார்கள், சிக்கல் சொல்லப்பட்டுவிட்டது, இப்போது எல்லாரும் அறைக்கு அறை நடந்து உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் புதிய கதை ஒன்று மனத்தில் தோன்றும். பளபளவென்று இருக்கும், பழையதைவிடப் பல மடங்கு உயர்ந்ததாகத் தெரியும். நம்பாதீர்கள். அதற்கும் ஒரு நடுப்பகுதி இருக்கிறது, இன்னும் நீங்கள் அதைப் பார்க்கவில்லை. புதிய கதையை அரைப் பக்கக் குறிப்பாக எழுதித் தனி உறையில் போட்டு மூடிவிட்டுத் திரும்பி வாருங்கள். என் பதினேழு தொடக்கங்களும் பிறந்த விதம் இதுதான்.

தேங்கி நிற்கும் கதையை நகர்த்த மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். முதலாவது: இந்தக் காட்சியில், இந்த ஒரு மணி நேரத்தில், இவருக்கு என்ன வேண்டும்? 'வாழ்க்கையில் மகிழ்ச்சி வேண்டும்' என்ற பதில் செல்லாது. 'மனைவி எழுவதற்குள் அந்தச் சாவியை எடுக்க வேண்டும்' என்ற பதில் செல்லும். இரண்டாவது: அதை அவருக்குக் கிடைக்காமல் செய்வது யார்? மூன்றாவது: இதுவரை எழுதிய பக்கங்களில் வாசகருக்கு நான் கொடுத்து மறந்துபோன வாக்குறுதி எது? மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பூட்டிய அலமாரியைக் காட்டியிருப்பீர்கள். ஒரு கிழவர் 'பிறகு சொல்கிறேன்' என்று சொல்லியிருப்பார். அவற்றையெல்லாம் பட்டியலிட்டால் அடுத்த நான்கு காட்சிகளுக்கான சரக்கு உங்கள் கைப்பிரதியிலேயே கிடைக்கும்.

அப்படியும் நகரவில்லையா? பிரச்சினை இன்று நின்ற இடத்தில் இல்லாமல், நாலைந்து காட்சிகளுக்கு முன்னால் இருக்கக்கூடும். எங்கோ ஒரு பாத்திரம், கதைக்கு வசதியாக இருக்கட்டும் என்று தன் இயல்புக்கு மாறாக நடந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தாலும் பின்னால் போய்த் திருத்த வேண்டாம். ஓரத்தில் 'இவன் மறுத்துவிட்டான் என்று மாற்ற வேண்டும்' என்று குறித்துவிட்டு, மாற்றிவிட்டதாகவே எண்ணிக்கொண்டு மேலே எழுதுங்கள்.

ஏழாம் படி: சிறியதை முடித்துப் பழகுங்கள்

முடிப்பது ஒரு தனித்திறன். தொடங்கித் தொடங்கி அதைக் கற்க முடியாது. நாவல் கனவோடு இருப்பவர்களும் முதலில் ஐந்தாறு சிறுகதைகளைக் கடைசி வரி வரை எழுதிவிடுவது நல்லது. நன்றாக வர வேண்டிய கட்டாயமில்லை, முடிய வேண்டும்.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 'வெண்முரசு' நாவல் வரிசையை எழுதி, 26 நாவல்களில் நிறைவுசெய்தார். அதைப் பார்த்து வியக்கலாம். ஆனால் அவர் அதைத் தொடங்கும்போது பல ஆண்டுகள் எழுதிப் பழகிய கை என்பதை மறந்து, நம் முதல் ஆண்டை அவருடைய அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டால் அழுகைதான் வரும்.

எட்டாம் படி: ஆறப்போட்டுத் திருத்துங்கள்

முடிந்த வரைவைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். சிறுகதைக்கு இரண்டு வாரம், நாவலுக்கு ஒன்றரை மாதமாவது. பிறகு அச்செடுத்து, முடிந்தால் எழுத்துருவை மாற்றி அச்செடுத்து, யாரோ எழுதியதைப் போலப் படியுங்கள். முதல் வாசிப்பில் பேனா வேண்டாம். எங்கே சலிப்புத் தட்டுகிறதோ அங்கே ஓரத்தை மடித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் சுற்றில் கதையின் அமைப்பை மட்டும் பாருங்கள். மூன்றாம் சுற்றில் வாக்கியங்களை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் முறிய வேண்டும். ஒற்றுப்பிழை கடைசிச் சுற்றில். எடுத்த எடுப்பில் ஒற்றைத் திருத்திவிட்டு அப்புறம் அந்த அத்தியாயத்தையே நீக்கியவன் நான்.

ஒன்பதாம் படி: காட்டுவதும் அனுப்புவதும்

முதலில் இரண்டு பேரிடம் காட்டுங்கள். பத்துப் பேர் வேண்டாம். உங்களை நேசிப்பவர்கள் இதற்குச் சரிப்பட மாட்டார்கள். நிறையப் படிப்பவராக, உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவராக இருக்க வேண்டும். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் கதையைக் கீழே வைத்தீர்கள்?' என்று கேளுங்கள். எங்கே சரியில்லை என்று வாசகர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

இதழுக்கு அனுப்பினால் தேதியோடு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கதை திரும்பி வரும், அல்லது எந்தப் பதிலும் வராது. பதில் வராமை அதைவிட மோசம். காத்திருக்கும் நாள்களைக் கடக்க நானறிந்த ஒரே வழி, அனுப்பிய அன்றே அடுத்த கதையில் நான்கு வரி எழுதிவிடுவது. அப்போது நிராகரிப்பு வந்தால், அது நீங்கள் முன்பு எழுதிய கதைக்கு வந்ததாக இருக்கும். திரும்பி வந்த கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். திருத்தத் தோன்றினால் திருத்துங்கள். இல்லையென்றால் அந்த வாரமே வேறு இதழுக்கு அனுப்புங்கள்.

பத்தாம் படி: விட்டுப்போன நாள்கள்

விட்டுப்போகும். காய்ச்சல் வரும், வேலை குவியும், வீட்டில் துக்கம் நேரும். ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாளாகும் என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரையிலான போக்கை வைத்துக் கணித்தவை). எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்று மனம் உடைந்து மொத்தமாக விட்டுவிடுபவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். தவறிய நாளின் பாக்கியை மறுநாள் சேர்த்து எழுதவும் முயலாதீர்கள். பாக்கி வளர்ந்தால் கடன்காரரைப் பார்த்து ஒளிவதுபோல மேசையைப் பார்த்து ஒளிவோம்.

மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்தால் திரும்பும் முறை வேறு. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். படித்தால் திருத்தத் தோன்றும், திருத்தினால் சோர்வு வரும். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். கடைசிப் பத்தியை ஒரு புதிய தாளில் கையால் பெயர்த்து எழுதுங்கள். முற்றுப்புள்ளி வைத்ததும் நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தை எழுதிவிடுங்கள், எவ்வளவு அபத்தமாக இருந்தாலும்.

மழையில் நின்றவனின் கதைக்கு நான் இப்படித்தான் திரும்பினேன். கதவைத் தட்டும் பத்தியைப் பெயர்த்து எழுதினேன். கதவைத் திறந்தது ஒரு சிறுமி. 'நீங்கள் தேடும் வீடு இது இல்லை' என்றாள், அவன் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.